திருத்தி எழுதிய சொல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பங்கு இல்லத்தின் வாயிலில் கூட்டம் சற்று மிகுதியாகவே இருக்கும். திருமுழுக்குச் சான்றிதழ் கேட்போர் சிலர். கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்போர் சிலர். பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்போர் பலர். வயலிலும் ஆலையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோருக்குப் பங்குச் சாமியாரின் வாய்ச்சொல்லே பல வேளைகளில் முடிவுச் சொல்லாக அமைந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பு எத்துணைப் பெரியது என்பதை நாம் காலந்தாழ்ந்தே உணர்ந்தோம். அதனை நம் வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு தாயும் மகளும் நம்மைக் காண வந்தனர். மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். மின்பொறியியல் படிக்க விரும்புவதாகவும், கல்வி உதவி கேட்டு விண்ணப்பிக்கப் பங்கின் கடிதம் ஒன்று வேண்டும் என்றும் கூறினாள். நாம் எழுதுகோலை எடுக்குமுன் தாய் இரண்டடி முன்னே வந்து, தாழ்ந்த குரலில், “சாமி, அன்று எனக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லிவிடாதீர்கள்” என்றார்.

நாம் அவரை உற்றுநோக்கினோம். முகம் நினைவுக்கு வரச் சிறிது நேரமாயிற்று.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்னர், குருப்பட்டம் பெற்ற புதிதில், தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் நாம் உதவிப் பங்குத்தந்தையாய்ப் பணியாற்றினோம். அவ்வூர்க் கோவிலின் ஒலிபெருக்கிப் பெட்டி திருவிழா நவநாளில் திடீரென்று ஊமையாகிவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்று உபதேசியார் கைபிசைந்து நின்றபோது, பாடற்குழுவில் இருந்த ஒரு சிறுமி பெட்டியைத் திறந்து, அறுந்திருந்த கம்பியைக் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்தாள். அன்றுமுதல் ஊரில் மின்விசிறி நின்றாலும், இஸ்திரிப் பெட்டி சூடேறாவிட்டாலும் அவளைத்தான் அழைப்பார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும் தந்தையுடன் நம்மிடம் வந்தாள். திருநெல்வேலியில் 1981-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்ற அரசினர் பொறியியற் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. அங்கே மின்பொறியியல் படிக்கலாமா என்று கேட்டாள்.

நாம் சொன்ன விடை இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. “பெண்பிள்ளைக்கு அது கடினமான வேலையம்மா. கம்பத்திலும் இயந்திரத்திலும் ஆண்கள் நடுவே அல்லற்பட வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் சேர். குடும்பத்துக்கும் ஏற்றது.” தந்தை மகிழ்ந்து தலையசைத்தார். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. எம் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆசிரியப் பணி தூய பணி. அதனைக் குறைத்துக் கூற நாம் ஒருகாலும் துணியோம். ஆனால் அவள் கேட்டது அதுவன்று. பயிற்சி முடித்தாள், அரசு வேலை கிட்டவில்லை, ஒரு சிறு பள்ளியில் சொற்ப ஊதியத்திற்குச் சில ஆண்டுகள் உழைத்தாள், மணமாகி நாம் இப்போது பணியாற்றும் பங்கிற்கு வந்து சேர்ந்தாள். அவளே இந்தத் தாய். அன்று தன் சார்பில் ஒரு சொல்லும் பேசாதவர், இன்று தம் மகளுக்காகப் பேசினார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் அன்று சொன்னது அறியாமையால் சொன்னதா, அல்லது உண்மையிலேயே பெண்களுக்கு அத்துறை புதியதாய் இருந்ததா என்று ஆராயத் தொடங்கினோம். பழைய ஏடுகளைப் புரட்டப் புரட்ட நம் தலை தாழ்ந்தது. நாம் அச்சொல்லைச் சொல்வதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அந்தக் கதவு திறக்கப்பட்டுவிட்டது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே, கிண்டியிலேயே திறக்கப்பட்டது.

நெல்லைச் சீமையார்க்கு நன்கு தெரிந்த ஒரு பாலத்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவோம்.

கொக்கிரகுளத்திலிருந்து சந்திப்புக்குச் செல்வோர் அன்றாடம் கடக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதற்குமுன் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகையே நம்பியிருந்தனர் மக்கள். வெள்ளக் காலத்தில் அதுவும் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராய் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து, 11 கண்களையுடைய அப்பாலத்தைக் கட்டுவித்தார். அவருடைய துணைவியார் தம் பொன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று நம் ஊர்ப் பெரியோர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அந்த அம்மையாரின் ஈகையை எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஒரு பாலத்திற்குப் பெண் கொடுக்கக் கூடியதாக இருந்தது அவள் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன் மட்டுமே. அவள் அறிவை எவரும் கேட்கவில்லை.

சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1943-ஆம் ஆண்டில், கிண்டிப் பொறியியற் கல்லூரியிலிருந்து மூன்று பெண்கள் பட்டம் பெற்று வெளிவந்தனர். ஒருவர் மின்பொறியியல் கற்ற ஏ. லலிதா, மற்ற இருவர் கட்டடப் பொறியியல் கற்ற பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் ஆவர். 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாய்த் தொடங்கி வளர்ந்த அக்கல்லூரியின் நெடிய வரலாற்றில் பட்டம் பெற்ற முதற் பெண்கள் இவர்களே.

லலிதா அம்மையாரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் அது பெற்றோர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். படிப்பின் அருமையை நன்கறிந்த குடும்பந்தான். என்றாலும் அக்கால வழக்கப்படி லலிதாவை 15-ஆம் வயதில் மணம்செய்து கொடுத்துவிட்டனர். 18-ஆம் வயதில் அவர் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதப் பெண்குழந்தை.

அந்நாளில் ஓர் இளங்கைம்பெண்ணின் நிலை யாதென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலையும் பிறர் இரக்கமுமே அவள் உலகம். லலிதா அவ்வுலகில் அடங்கிவிட மறுத்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பைப் படித்து முடித்தார். மருத்துவம் படிக்கலாமா என்று எண்ணிப் பார்த்தார். நள்ளிரவிலும் அழைப்பு வரும் தொழிலில் இருந்துகொண்டு கைக்குழந்தையைப் பேண இயலாது என்று அதனை விடுத்தார். தந்தையும் உடன்பிறந்தாரும் கற்ற பொறியியலே தமக்கு ஏற்றது என்று துணிந்தார். குழந்தைக்காகவே அவர் இத்துறையைத் தேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. குடும்பத்துக்கு ஏற்காது என்று நாம் ஒதுக்கிய படிப்பை, குடும்பத்துக்கு இதுவே ஏற்றது என்று ஒரு தாய் தெரிந்துகொண்டார்!

இங்கேதான் தந்தையின் பெருமை விளங்குகிறது. மகளைப் 15 வயதில் மணம்செய்து கொடுத்தவரும் அவரே. மகளின் கையைப் பிடித்துக் கல்லூரி வாயிலுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. தாம் முன்பு செய்த முடிவைத் தாமே திருத்தி எழுத அவர் நாணவில்லை. கல்லூரி முதல்வராய் இருந்த கே.சி. சாக்கோவிடம் பேசினார். முதல்வர் இசைந்தார். பொதுக்கல்வி இயக்குநராய் இருந்த ஆர்.எம். ஸ்டாத்தம் என்னும் ஆங்கிலேயரும் இசைவளித்தார். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர் நடுவே ஒரே பெண்ணாக லலிதா அடியெடுத்து வைத்தார். அவர் தங்குவதற்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. உறவினர் வீட்டில் வளர்ந்த குழந்தையை வாரக் கடைசியில் சென்று கண்டுவந்தார். தனியே ஒரு பெண் படிப்பது கடினம் என்றுணர்ந்த கல்லூரியார் மேலும் பெண்களைச் சேர்க்க விளம்பரம் செய்தனர். அவ்வாறு அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தவர்களே திரேசியாவும் லீலாம்மாவும். போர்க்காலத்தை முன்னிட்டுப் படிப்புக்காலம் குறைக்கப்பட்டமையால், இளையோரான இவ்விருவரும் லலிதாவுடனே பட்டம் பெற்றனர்.

பட்டச் சான்றிதழிலும் ஒரு செய்தி உண்டு. அதுவரை ஆண்களே பட்டம் பெற்றுவந்தமையால், சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. லலிதாவுக்கு வழங்குகையில் அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சிறு கோடு. ஒரு சிறு சொல். ஆயினும் அக்கோடு அடித்தது எத்தனை நூற்றாண்டுப் பழக்கத்தை என்று எண்ணிப் பாருங்கள்!

பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே தொழிற்சாலையில் லலிதா செய்முறைப் பயிற்சி பெற்றார். 1944-ஆம் ஆண்டில் சிம்லாவில் மத்திய அரசின் தரநிர்ணய அமைப்பில் பணியேற்றார். பின்னர்ச் சிலகாலம் தந்தையின் ஆராய்ச்சிகளுக்குத் துணைநின்றார். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி ஒன்றும், புகையில்லா அடுப்பும் அவ்வாராய்ச்சிகளில் அடங்கும். 1948-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து, ஏறத்தாழ 30 ஆண்டுகள், 1977-ஆம் ஆண்டுவரை அங்கேயே உழைத்தார். அவ்வூரில் தம் சகோதரர் குடும்பத்தோடு வாழ்ந்தமையால், அவர் அலுவலகம் சென்றவேளை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது. குடும்பம் தோள்கொடுத்தால் பெண்ணின் ஆற்றல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் செய்த வேலையை நம் ஊர்க் கண்கொண்டு விளக்குவோம். அணையில் தேங்கிய நீர் நேரே வயலுக்குள் பாய்ந்தால் பயிர் என்னாகும்? கன்னடியன் கால், நதியுண்ணிக் கால் என்று கால்வாய்களில் பிரித்து, மடைதோறும் தணித்து, அளந்தே வயலுக்கு விடுகிறோம். மின்சாரமும் அப்படியே. நெடுந்தூரம் செல்லும்போது வழியில் வீணாகாதிருக்க அதனை மிக உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புகிறார்கள். ஊரை அடைந்ததும் துணை மின்நிலையத்தில் அவ்வழுத்தத்தைப் படிப்படியாகத் தணித்து வீடுகளுக்கு விடுகிறார்கள். பழுது நேர்ந்தால் அவ்விடத்திலேயே மின்னோட்டத்தைத் துண்டித்து உயிரையும் பொருளையும் காக்கும் ஏற்பாடும் அங்கேயே உண்டு. மின்பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பதே லலிதாவின் தொழில். சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் எழுந்து, 1963-ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற பக்ரா அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

இலண்டன் மின்பொறியாளர் சங்கம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-இல் நியூயார்க்கில் நடைபெற்ற முதலாவது பன்னாட்டுப் பெண் பொறியாளர் மற்றும் அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1965-இல் இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினரானார். அச்சங்கம் தொடங்கப்பெற்றது 1919-ஆம் ஆண்டில். லலிதா பிறந்த ஆண்டும் அதுவே. 1979-ஆம் ஆண்டு அக்டோபரில், 60-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இனித் திரேசியா அம்மையாரைப் பற்றிக் கூறுவோம். பெயரே சொல்லுகிறது, அவர் நம்மவர் என்று. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் எடத்திருத்தி என்னும் ஊரில், சிரியன் கத்தோலிக்க வேளாண் குடும்பத்தில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர். நிலத்தை நம்பி வாழ்ந்த ஒரு கத்தோலிக்கத் தந்தை, தம் மகளைச் சென்னைக்கு, ஏறத்தாழ ஆண்களே பயின்ற கல்லூரிக்கு அனுப்பினார். பட்டம் பெற்றபின் கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார் திரேசியா. முளங்குன்னத்துக்காவில் காசநோயாளருக்கான மருத்துவமனை எழும்பியபோது அவ்வேலையில் ஈடுபட்டார். தொற்றுநோய் விடுதி என்று பலரும் ஒதுங்கிய காலம் அது. படிப்படியாக உயர்ந்து, 1971-ஆம் ஆண்டில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதற் பெண் அவரே. பாலங்கள் பலவற்றைக் கட்டுவித்தார். தாருடன் இரப்பர் கலந்து சாலை அமைக்கும் முறையைச் செய்துபார்த்தார். கோழிக்கோட்டில் தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை எழவும் உழைத்தார். மணம் புரியாமல் பணியிலேயே வாழ்ந்து, 1979-இல் ஓய்வுபெற்று, 1981-இல் இறைவனடி சேர்ந்தார். நம் கோவில்களில் புனிதையர் வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நல்லது. இத்தகைய திருச்சபைப் புதல்வியரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இவர்கள் பட்டம் பெற்ற காலத்தில் நம் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததையும் நினைவுகூர்வோம். 1944-ஆம் ஆண்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. பொதிகை மலையில் பிறந்து, பயிரை மட்டும் வளர்த்துவந்த தாமிரபரணி, விளக்கையும் ஏற்றத் தொடங்கினாள். ஆற்றையே தாயென்றும் பெண்ணென்றும் பாடுகிறோம். அந்தத் தாய் தரும் மின்சாரத்தை ஆளும் கல்வி மட்டும் பெண்ணுக்கு ஆகாது என்கிறோம். இது முரணன்றி வேறென்ன?

பெண்களுக்குக் கட்டடத் தொழில் புதியதும் அன்று. எந்தக் கட்டடத்தின் முன்னும் சிறிது நேரம் நின்று பாருங்கள். சாரத்தின்கீழ்ச் சட்டி சுமப்பவள் சித்தாள். அவளும் பெண்ணே. நம் சிற்றூர்களில் பழைய கோவில்கள் எழும்பிய கதையை முதியோரிடம் கேளுங்கள். ஆற்று மணலையும் தண்ணீரையும் தலையில் சுமந்தவர்கள் ஊர்ப்பெண்கள். சுண்ணாம்பை அரைக்கவும் கைகொடுத்தார்கள். ஆனால் முகப்பிலுள்ள கல்லில் பொறித்த பெயர்களைப் படித்தால் ஒரு பெண்ணின் பெயரும் தென்படாது. சுமக்கும் தலை வேண்டும். சிந்திக்கும் தலை வேண்டாம் என்பதே இதுவரை நாம் நடத்திய முறை. நூலிழை போன்ற கோரையைப் பிளந்து பட்டுபோல் பாய் நெய்யும் பத்தமடைப் பெண்ணின் விரல்களுக்கும், நாளெல்லாம் இலை வெட்டிப் பீடி சுற்றும் முக்கூடற் பெண்ணின் விரல்களுக்கும் நுட்பம் இல்லையென்று எவர் கூறுவர்?

இவற்றை எண்ணிக்கொண்டிருக்கையில் விவிலியத்தில் நாம் பலமுறை படித்தும் கவனிக்காத ஓரிடம் நினைவுக்கு வந்தது. இடிந்துகிடந்த எருசலேமின் மதிலை நெகேமியா மீண்டும் எழுப்பிய வரலாறு அவர் பெயரால் அமைந்த நூலில் உள்ளது. மூன்றாம் அதிகாரம் முழுவதும் எந்தப் பகுதியை எவர் கட்டினார் என்ற பட்டியலே. பெயர்கள் மலிந்த பகுதியாதலால் விரைந்து தாண்டிவிடுவோம். அப்பட்டியலின் நடுவே சல்லூம் என்னும் தலைவர் ஒருவரும், அவருடைய புதல்வியரும் தங்களுக்குரிய பகுதியைப் பழுதுபார்த்துக் கட்டினர் என்று சொல்லப்பட்டுள்ளது. அவர் எருசலேம் வட்டாரத்தில் ஒரு பாதியை ஆண்டவர். கூலிக்கு ஆள் வைக்க இயலாதவர் அல்லர். ஆயினும் தம் பெண்மக்களைத் திருநகரின் மதிலில் நிறுத்தினார். இறைவார்த்தையும் அதனை மறவாது பதிவு செய்துவைத்தது.

தாலந்து உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம்! பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைத் தலைவர் கண்டித்தார். ஆனால் பிறருடைய தாலந்தைப் பிடுங்கிப் புதைப்பவன் கதி யாது? இக்கேள்வியை நாம் ஒருபோதும் எழுப்பிக்கொண்டதில்லை. அந்தச் சிறுமியின் கையிலிருந்த தாலந்தை மண்ணில் புதைத்தவர் அவள் அல்லள், நாமே.

அறியாமை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1963-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலில், பெண்கள் பொதுவாழ்வில் பங்கேற்பதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். 1965-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், ஆணுக்குரிய கல்வியும் பண்பாட்டு நலன்களும் பெண்ணுக்கு மறுக்கப்படுவதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. அவ்வேடுகளைக் குருமடத்தில் நாம் பாடமாகவே பயின்றோம். தேர்வில் விரிவாக விடையும் எழுதினோம். ஆனால் ஒரு சிறுமி எதிரே வந்து நின்றபோது, பயின்ற பாடம் வாயில் வரவில்லை. ஊர்ப் பழக்கமே வந்தது.

நம் பங்குத் தந்தையர் பலர் எழுப்பும் தடைகளையும் நாம் அறிவோம். ‘அதிகம் படித்தால் மாப்பிள்ளை தேடுவது கடினம்’ என்பர். படித்த பெண்ணை மதிக்கத் தெரியாதவன் மருமகனாய் வராதிருப்பதும் ஒரு பாதுகாப்பே. ‘ஆண்கள் நடுவே எப்படி?’ என்பர். கிண்டியில் ஒரே பெண்ணாய் இருந்த லலிதாவுக்குக் கல்லூரியே துணை தேடித் தந்தது. இன்று எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பெண்பிள்ளைகள் திரளாகவே படிக்கின்றனர். ‘பையனைப் படிக்கவைக்கவே பணம் போதவில்லை’ என்பர். இது உண்மையான இடர். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். ஆனால் குடும்பத்தில் முதற் பட்டதாரியாவோருக்குப் பொறியியற் படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021-ஆம் ஆண்டுமுதல் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பள்ளிகளில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இவற்றைக் கேட்டறிந்து பெறுங்கள். பங்கு அலுவலகத்திலும் உதவி கேளுங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் பொறியாளராக வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஊரார் சேர்த்தார்கள் என்பதற்காக, விருப்பமில்லாத பிள்ளையை வட்டிக்குக் கடன் வாங்கித் தரமற்ற கல்லூரியில் தள்ளுவதும் தாலந்தைப் புதைப்பதே. பிள்ளையின் கையில் இறைவன் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஊசியோ, எழுதுகோலோ, மின்கம்பியோ, எதுவாயினும் அது அவர் தந்தது. பையன் என்றும் பெண் என்றும் பிரித்து அவர் தருவதில்லை.

அந்த ஞாயிறன்று நடந்ததைக் கூறி முடிப்போம். தாய் சொன்னதைக் கேட்டபின் நாம் சிறிது நேரம் வாய்பேசாதிருந்தோம். பின்னர், “அம்மா, அன்று நாம் சொன்னது தவறு. மன்னித்துவிடு” என்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பு மொழிந்த வாய் அது; கேட்டுப் பழகாததால் சற்றே தடுமாறியது. அவர் கண்கள் கலங்கின. “போகட்டும் சாமி, இவளாவது படிக்கட்டும்” என்றார். மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். நாம் கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அன்றுவரை எழுதிய கடிதங்களுள் எதனையும் அத்துணைக் கவனத்தோடு எழுதியதில்லை.

தாய்க்கு நேர்ந்த இழப்பை அக்கடிதம் ஈடுசெய்யாது என்பதை அறிவோம். 25 ஆண்டுகளை எந்த மன்னிப்பும் திருப்பித் தராது. ஆனால் தவறாய் எழுதிய சொல்லை அடித்துவிட்டுச் சரியான சொல்லை எழுத இறைவன் காலமும் கையும் தந்திருக்கிறார். ஒரு தந்தை திருத்தினார். ஒரு கல்லூரி திருத்தியது. ஒரு சான்றிதழ் திருத்தப்பட்டது. ஒரு குருவானவர் திருத்திக்கொள்ள ஏன் நாணவேண்டும்?

அன்புள்ள பெற்றோரே, உடன் குருக்களே, அருட்சகோதரியரே! இந்த ஆண்டும் ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு சிறுமி ஒரு கேள்வியோடு நம் முன் வந்து நிற்பாள். பழக்கம் சொல்லும் விடையை உடனே சொல்லிவிடாமல் ஒரு கணம் நின்று, நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் மரமும் அளவுகோலும் கொண்டு உழைத்த புனித சூசையப்பரை மன்றாடுவோம். அவள் பங்குக்குரிய மதில் எங்கோ கட்டப்படாமல் காத்திருக்கிறது. அதனைக் கட்ட விடுவோமாக.